கனிப்பங்கும் கடப்பாடும்

பழம் என்னுஞ் சொல் தமிழில் மரத்தின் கனியையும் முதிர்ந்த நிலையையும் ஒருங்கே நினைவூட்டுவது. வடமொழியிற் பலம் என்னுஞ் சொல்லும் கனிக்கும் வினைப்பயனுக்கும் பொதுவாய் நின்றது. ஆகலின் ஒரு கனியைப்பற்றி ஆராயப் புகுவார் வினையையும் அதன் பயனையும்பற்றி ஆராய நேர்தல் இயல்பே. ஈண்டு எடுத்துக்கொண்டது பெரியதோர் சாத்திரச் சிக்கல் அன்று. இல்லறத்தார் ஒருவர் தம் ஊரை அடுத்த தோப்பின் விளைவிற் பருவந்தோறும் ஒரு பங்கு பெறுதற்பொருட்டு முன்னரே பொருள் செலுத்திச் சேர்தல் தக்கதோ, சேர்ந்தபின் அவர்க்கும் தோப்புடையார்க்கும் உளதாகும் கடப்பாடு யாது என்னும் சிறு வினாவே ஆம். வினா சிறிதாயினும் அதன் வேர் ஆழச் செல்லுகின்றது.

நடுநாட்டிலே திருமுதுகுன்றத்துக்குக் கிழக்கே, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களை அடுத்துள்ளது கம்மாபுரம். அதற்கு வடக்கே பண்ணுருட்டி வரையிற் பரந்த செம்மண் மேட்டுநிலம் முந்திரிக்கும் பலாவுக்கும் பேர்பெற்றது. தை மாசியிற் பூக்கும் முந்திரியின் கொட்டையைப் பங்குனி முதல் வைகாசி வரையிற் பொறுக்குவர். பலா பங்குனியிற் பழுக்கத் தொடங்கி ஆடி வரை வரும். மாங்கனி சித்திரை வைகாசிக்கு உரியது. நெய்வேலி நகரியத்தில் வாழும் இல்லறத்தார் ஒருவர் கம்மாபுரத்தை அடுத்த தோப்புடையார் ஒருவரிடம் தை மாதத்திலே ஒரு தொகையைக் கொடுத்து, பங்குனி தொடங்கி ஆடி முடியத் தோப்பில் விளைவனவற்றில் ஒரு பங்கைப் பெற இசைந்தார் என வைத்துக்கொள்க. அப்பொழுது மரத்திற் கனி இல்லை, பூவே உண்டு. சில மரங்களில் அதுவும் இல்லை. அவர் எதற்கு விலை கொடுத்தார்?

காணாத கனிக்கு விலை கொடுத்தல் சூதாடுதலோடு ஒக்கும் என்பார் உளர். சூதிற் பொருள் கொண்டு அடியார்க்கு அமுதளித்த மூர்க்க நாயனாரைக் காட்டி, சூதாயினும் ஆகுக என அமைவாரும் உளர். இரண்டும் பொருந்தா. நாயனார் பெருமை அவர் ஊட்டிய அமுதினால் வந்ததன்றி உருட்டிய கவற்றினால் வந்ததன்று. இனி, சூதில் ஒருவர் பெறுவது மற்றவர் இழந்ததேயாம். ஒருவர் அழ மற்றவர் சிரிப்பர். தோப்பிலோ மழை பொய்த்தால் இருவரும் குன்றுவர், பருவம் வாய்த்தால் இருவரும் நிறைவர். ஒருவர் கேட்டினால் மற்றவர் வாழாத இடத்தைச் சூது என்றல் பொருந்தாது.

கடன் என்பாரும் உளர். கடனாயின், கனி விளையாத ஆண்டில் தோப்புடையார் தம் பசுவை விற்றேனும் பொருளைத் திருப்பித் தரல் வேண்டும். அப்பொழுது இழப்பு முழுவதும் உழவர் தலைமேல் விழும். குத்தகை இதற்கு மறுதலை. வணிகர் பிஞ்சு பார்த்து மரத்தை மதித்துப் பருவ விளைவு முழுவதையும் ஒரு தொகைக்கு எடுத்துக்கொள்வர்; பின் காற்றடித்து உதிர்ந்தால் இழப்பு வணிகருக்கு. ஆனால் அவ்விழப்பை அவர் முன்னரே கணக்கிட்டு விலையைக் குறைத்தே மதிப்பர் ஆதலின், நல்ல ஆண்டின் ஊதியம் உழவர்க்கு எட்டுவதில்லை. பங்கு என்பது இவ்விரண்டும் அன்று. விளைவு எவ்வளவோ அவ்வளவிற் கூறுபடுவதே பங்கு.

இவ்வழக்கம் பிறநாடுகளில் அண்மைக்காலத்தே பெயர்பெற்று வளர்ந்தது. சப்பானிய நாட்டில் 1971-ஆம் ஆண்டில் இயற்கை வேளாண்மைக்கென ஒரு சங்கம் தோன்றியது. உழவரும் உண்பாரும் இடையே வணிகரின்றி நேரே கூடும் முறையைத் தெய்கெய் என்று அவர்கள் வழங்கினர். 1978-இல் அச்சங்கத்தார் வகுத்த பத்து நெறிகளுள் ஒன்று, விளைந்ததை உண்பார் ஏற்றுக்கொள்ளல் வேண்டும் என்பது. மற்றொன்று, விலையை இருவரும் விட்டுக்கொடுத்து முடிவு செய்தல் வேண்டும் என்பது. பிறிதொன்று, நட்பினை ஆழப்படுத்தல் வேண்டும் என்பது. வணிக ஏட்டில் நட்பு என்னுஞ் சொல் ஏறியது வியப்பே. அமெரிக்க நாட்டு மாசசூசெட்சு மாநிலத்திலே இந்தியன் லைன் என்னும் பண்ணையில் 1985-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் இத்தகைய கூட்டுமுறை தொடங்கியபொழுது, முதற்கண் பங்கிடப்பட்டது ஆப்பிட் கனியே. காய்கறி அடுத்த ஆண்டில் வந்தது. ஆகவே பழத்தோப்பு இம்முறைக்கு ஒரு வாயிலாக நின்றமை காண்க.

எனினும் பருவந்தோறும் விளைவு அனுப்புதலும், விளைவு தவறியவிடத்து நெஞ்சம் நோதலும் சைவ நன்மக்கட்குப் புதியன அல்ல. குண்டையூர்க் கிழவர் வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது. திருவாரூரில் எழுந்தருளியிருந்த நம்பியாரூரர்க்கு நெல்லும் பருப்பும் வெல்லமும் முதலியவற்றைப் படியாக இடைவிடாது அனுப்பிவந்தார் அப்பெரியார். அங்கே விலை இல்லை, முறிச்சீட்டு இல்லை, முன்பணமும் இல்லை. மழை பொய்த்து விளைவு குறைந்தது. அனுப்ப நெல் இல்லை. அவர் வருந்தி உண்ணாது உறங்கினார். எவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டற்கு உரிமை உடையாரும் இல்லை. அங்ஙனமாகவும் தாம் ஒரு கடப்பாட்டிற் தவறியதாகவே அவர் உள்ளம் கொண்டது.

இவ்விடத்தே ஒன்று நுணுகி நோக்கற்பாலது. மழை பெய்யாமை கிழவர் குற்றமன்று. குற்றமல்லாததற்கு வருந்துதல் பேதைமையாமோ எனின், ஆகாது. ஒருவர் தம்மை நம்பியிருப்பது தெரிந்தபின், குற்றம் தம்மதாயினும் அன்றாயினும் அவர் பசி தம் நெஞ்சிற் தைக்கும். குற்றம் வேறு, கடப்பாடு வேறு. குற்றம் இன்மையைக் காட்டிக் கடப்பாட்டினின்று நழுவுவார் இக்காலத்துப் பலர். குற்றம் இல்லாதிருந்தும் கடப்பாட்டை உணர்ந்தமையே கிழவரின் பெருமை.

மற்றொன்றும் உண்டு. இறைவன் அருளால் நெல்மலை குவிந்ததும் கிழவர் ஆரூர்க்கு விரைந்து செய்தி சொன்னார்; ஆரூரர் தாமே குண்டையூர்க்கு எழுந்தருளிக் கண்டார். வளம் வந்தபொழுதும் அது வந்த வகையை மறைத்திலர் கிழவர். பெறுவாரும் வீட்டிலிருந்தவாறே பெற்றிலர். நெல்லை எடுத்துச் செல்ல ஆள் இன்மையால் ஆரூரர் திருக்கோளிலிப் பெருமானைப் பாடி ஆள் வேண்டினார் என்பது யாவரும் அறிந்ததே. விளைவு ஒன்று, அதனைச் சுமந்து சேர்த்தல் மற்றொன்று. கனிப்பங்கில் இந்த இரண்டாவதைப் பலர் எண்ணுவதில்லை. பலாக்கனி மரத்தினின்று தானே கூடைக்கு வருவதன்று. ஒருவர் மேலேறிக் காம்பை அறுத்துக் கயிற்றிற் கட்டி இறக்க, மற்றொருவர் கீழே நின்று தாங்கல் வேண்டும். தவறி வீழ்ந்தால் கனி சிதையும், நிற்பவர் தலையும் தப்பாது. விளைவு குன்றிய ஆண்டில் இழப்பைப் பகிர்வார் தோப்புடையாரும் பங்கினருமேயன்றி இவ்வேலையாட்கள் ஆகார். அவர்தம் கூலி விளைவோடு ஏறி இறங்குவதாக அமைத்தல் அறமன்று. அவர் நல்ல ஆண்டின் மிகுதியில் உரிமை கேட்டவர் அல்லர்.

இனி, முன்னெழுந்த வினாவுக்கு விடை தேடலாம். வினை சடமாதலின் தானே வந்து பயனூட்டாது, ஊட்டுவான் முதல்வன் ஒருவன் வேண்டும் என்பது சித்தாந்தத்தின் துணிபு. உழவும் அத்தன்மையதே. எருவிடுதலும் நீர் பாய்ச்சுதலும் களை நீக்குதலும் உழவர் கையின. பூ நிற்பதும் பிஞ்சு பிடிப்பதும் அவர் கையின அல்ல. தம் கையில் இல்லாத ஒன்றை ஒருவர் விற்றல் கூடாமையின், தோப்புடையார் தையிலே விற்றது கனியன்று. பங்கினர் கொடுத்த பொருள் அவருடைய உழைப்புக்கும் மரங்களின் காப்புக்கும் ஆகிய படியே என்று கொள்ளுதலே நேரிது. கனி அதன்மேல் வருவது.

இங்ஙனம் கொள்ளின் இரண்டு முடிவுகள் பெறப்படும். உழைப்பு முற்றச் செய்தும் கனி குன்றினால் தோப்புடையார் பிழைத்தவர் ஆகார். உழைப்பைக் கைவிட்டும் மழையின் நலத்தாற் கனி மிக்கதாயின் அவர் பிழைத்தவரே ஆவர். கூடை நிறைந்ததால் அது மறைந்துபோகாது. இரண்டாவதைப் பங்கினர் பெரும்பாலும் வினவுவதில்லை. கூடையையே நோக்குவார்க்குத் தோப்புத் தெரியாது.

இம்முடிவுகளைச் சோதித்த ஆண்டும் ஒன்று வந்தது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் தானே என்னும் புயல் கடலூர்க்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. பலா, முந்திரி மரங்கள் கணக்கின்றி வேரொடு சாய்ந்தன; தந்தை நட்டதும் பாட்டன் நட்டதுமாகிய மரங்கள் ஓரிரவில் விறகாயின. விதையினின்று எழும் பலா காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். ஒட்டுக்கன்றும் நான்கைந்து ஆண்டு கேட்கும். அத்தகைய காலத்தே பங்கினர் ஒருவர் இருந்திருப்பின் அவர் செய்யற்பாலது யாது? அந்தப் பருவத்துக்குக் கொடுத்த பொருளைத் திரும்பக் கேளாமை அவர்க்குக் கடமை. அது பங்கு என்னுஞ் சொல்லிலேயே அடங்கியது. கன்று காய்க்கும் வரை ஆண்டுதோறும் கொடுத்துவருதல் கடமையன்று, கொடையாகும். கொடையைக் கடமையெனச் சொல்லி ஒருவரை நெருக்குதல் கூடாது. ஆனால் புயலடித்த மறுவாரமே வேறு தோப்பு நாடிச் செல்பவர் முன்னர்ப் பேசிய நட்பு என்னுஞ் சொல்லைத் தம் வாயிலிருந்து எடுத்துவிடுதல் நன்று.

இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. பொருளுடையார்க்கு ஒரு பருவத்துத் தொகை பெரிதன்று. நாட்கூலியிற் சேர்த்துத் தம் பிள்ளைகட்குக் கனி ஊட்ட விரும்பி முன்பணம் கட்டியவர்க்கு அது பெரிது. இருவரையும் ஒரே தட்டில் நிறுத்தி இழப்பைச் சமமாகப் பகிர்தல் கணக்குக்குச் சமம், அறத்துக்குச் சமமன்று. எளியாரிடத்து முழுத்தொகையையும் முன்னரே வாங்காது, கனி வரவரச் சிறிது சிறிதாகப் பெறுதலே தோப்புடையார்க்குத் தகும்.

வடுப்பட்ட கனியைப்பற்றியும் ஒரு வழக்கு எழும். பொருள் கைக்கு வந்துவிட்டமையின், நல்லனவற்றை மண்டிக்கு அனுப்பி விலைபோகாதவற்றைப் பங்கினர் கூடையில் இடும் நினைவு தோப்புடையார்க்கு உண்டாகலாம். மதுரையிலே வந்திக்கு ஆளாய் வந்த பெருமான் உதிர்ந்த பிட்டையே கூலியாகக் கொண்டான் என்னும் வரலாற்றைக் காட்டி, உதிர்ந்ததும் வடுப்பட்டதும் ஏற்கத்தக்கன என்பார் உளர். உண்மையே, ஆயினும் உதிர்ந்தது கூலி என்பது அங்கே முன்னரே பேசி முடித்தது. வந்தி நல்ல பிட்டை ஒளித்துவைத்து உதிர்ந்ததைக் கொடுத்தாளல்லள். அவள் ஒளியாமையாலன்றோ அன்று அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்துபோயின? பறவை கொத்திய மாங்கனியும் ஒருபுறம் வெம்பிய பலாவும் தோப்பின் விளைவே. பங்கினர் அவற்றிலும் பங்கு கொள்ளக் கடவர். அவற்றில் மட்டும் பங்கு கொள்ளக் கடவர் அல்லர்.

குறை கண்டவிடத்து வாய்திறத்தல் அன்புக்கு இழுக்கு எனக் கருதி அடங்கியிருந்து, பின் பக்கத்து வீட்டாரிடம் பழிப்பது ஒரு பெருவழக்காகிவிட்டது. திருவீழிமிழலையிலே பஞ்சகாலத்தில் ஆளுடைய பிள்ளையார்க்கும் அரசர்க்கும் நாள்தோறும் படிக்காசு அருளப்பட்டது. பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாய் மாற்றுதற்குத் தாழ்த்தது. அவர் அக்குறையை மனத்தில் வைத்துப் புழுங்காது பெருமானிடத்தே பாடிக் கேட்டார், வாசி தீர்ந்தது. அரசர் காசு வாசியின்றி வந்தமைக்குக் காரணம் அவர் உழவாரங் கொண்டு செய்த கைத்தொண்டு எனச் சேக்கிழார் சுவாமிகள் உரைப்பர். இறைவனிடத்தே குறையைக் கேட்டல் பிழையாகாதபொழுது, தோப்புடையாரிடத்தே நேர்நின்று கேட்டல் எங்ஙனம் பிழையாம்?

ஆயினும் குறை எது, இயல்பு எது என அறிதல் வேண்டும். பலாவின் விதை தாய்மரத்தை அப்படியே ஒத்து முளைப்பதன்று. ஒரே மரத்தின் கொட்டைகளை நட்டால் ஒன்று தேன்சுளையாகும், ஒன்று நார்ச்சுளையாகும். ஒன்று உருண்டும் ஒன்று நீண்டும் காய்க்கும். பண்ணுருட்டியை அடுத்த மாளிகம்பட்டில் ஆயிரங்காய்ச்சி என ஊரார் பேரிட்டழைக்கும் முதிய மரம் ஒன்று உண்டு. அதற்குத் தனிப்பெயர் வந்ததே அதனைப்போல் மற்றொன்று இன்மையினாலன்றோ? ஒரே சுவையும் ஒரே அளவும் வேண்டுவார் கடைக்குச் செல்லுதலே தகும். கடையில் வேறோர் இடர் உண்டு. பழுக்காத காயைக் கார்பைடு கல்லின் ஆவியாற் பழுக்கச் செய்து விற்றலை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுத்துள்ளன. தடுத்தும் அது முற்றும் ஒழியவில்லை. அங்ஙனம் பழுத்தது தோல் மஞ்சளாய் உள்ளே புளிப்பாய் நிற்கும். ஆணவ மலத்தின் பரிபாகத்தைப் பேசும் ஆசிரியர்கள் அதனைத் திரோதான சத்தி காலம் பார்த்து நடத்துவது என்றனர். புறத்தே வேடம் மஞ்சளாகி அகத்தே புளிக்கும் பக்குவங்களும் உலகில் உண்டு. அது வேறு கட்டுரைக்கு உரியது. பலா பழுத்தமையை முள் விரிதலாலும், தட்டினால் எழும் ஒலியாலும், மணத்தாலும் அறிவர். இம்மூன்றையும் அறிந்தவர் அருகில் இருத்தலே பங்கினர் பெறும் பெரும்பேறு. முந்திரிப்பழத்தின் நிலையோ இன்னும் வெளிப்படை. அது பறித்த ஓரிரு நாளிற் கெடுவதாதலின், உலகெங்கும் கொட்டை செல்லவும் பழம் தோப்பைவிட்டு அகலுவதில்லை. எவ்வளவு பொருள் உடையராயினும் தொலைவில் இருப்பார்க்கு அது கிட்டாது. கம்மாபுரத்துச் சிறுவர்க்குக் கிட்டும்.

மிகுதிவந்த காலத்தும் ஒரு வினா உண்டு. இருவர் வாழும் இல்லத்துக்குப் பத்துப் பதினைந்து கிலோ நிறையுள்ள பலாக்கனி ஒன்று வந்தால் அதனை என் செய்வது? பலா ஒருவர் உண்ணப் படைக்கப்பட்டதன்று என்பது அதன் அளவாலேயே விளங்கும். அரிந்தபின் மணம் தெருவெல்லாம் சென்று அயலாரை அழைத்துவிடும். பரமதத்தன் தன்பால் வந்த மாங்கனி இரண்டை வீட்டுக்கு அனுப்ப, காரைக்காலம்மையார் ஒன்றைப் பசித்துவந்த சிவனடியார்க்குப் படைத்தார். அக்கனி கணவன் கேட்கும்வரை கணக்கில் வைக்கவேண்டியதோ, பசித்தார்க்கு உடனே இடவேண்டியதோ என அவர் ஐயுற்று நின்றிலர். குண்டையூர் நெல் திருவாரூர்த் தெருவெல்லாம் குவிந்தபொழுதும் பரவையார் அவரவர் மனையெல்லையிற் குவிந்ததை அவரவரே கொள்க எனப் பறையறைவித்தார். பங்கு வாங்கினோம், விலை கொடுத்தோம் என்று அழுகும் வரை வைத்திருப்பவர் கனிக்கு உரியர் ஆயினும் உண்டவர் ஆகார்.

இறுதியாகக் கம்மாபுரத்துக்கே சிறப்பாக உரிய இடர் ஒன்று உண்டு. அதைக் கூறாது விடுதல் நேர்மையன்று. 1956-ஆம் ஆண்டு முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி அகழும் நிறுவனம் நடைபெற்றுவருகின்றது. நகரியம் அதனால் எழுந்தது. அங்கு வாழ்வார் பலர்க்கு ஊதியம் அதனின்று வருகின்றது. கம்மாபுரத்துச் சுற்றூர்களின் நிலங்கள் பல அச்சுரங்கத்துக்காக எடுக்கப்பட்டன. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலிற் பொறிகள் கால்வாய் வெட்டியதை நாடு முழுவதும் கண்டது. நிலம் பல்லாண்டுகட்கு முன்னரே எடுக்கப்பட்டது என்றனர் நிறுவனத்தார். விளைந்ததை அறுக்கும் வரையேனும் பொறுத்திருக்கலாகாதா என்றனர் உழவர். நகரியத்து இல்லறத்தார் கம்மாபுரத்துத் தோப்பிற் பங்கு கொள்ளுங்கால், அவர் ஊதியம் மண்ணின் கீழிருந்தும் அவர் கனி அதே மண்ணின் மேலிருந்தும் வருகின்றன. கீழுள்ளதை எடுக்க மேலுள்ளது போகல் வேண்டும். இம்முரணுக்குத் தனி ஒருவர் பொறுப்பாளி ஆகார். அதை அறியாதவர்போல் உண்ணுதலும் அவர்க்கு ஆகாது.

அத்தோப்பு ஒருகால் சுரங்கத்துக்கு எடுக்கப்படுமாயின் பங்கினர் உரிமை யாது? நிலம் எடுக்கப்படும்பொழுது நிற்கும் மரங்கட்கும் மதிப்பிட்டு இழப்பீடு தருதல் சட்டத்தில் உள்ளது. புயலால் வந்த இழப்பில் இருவரும் பங்கினர். ஏனெனில் அங்கே பெற்றவர் எவரும் இலர். இங்கே தோப்புடையார் பொருள் பெறுகின்றார். ஆகலின் அந்தப் பருவத்திற் பங்கினர் கொடுத்து, கனி பெறாது எஞ்சிய தொகையை அவ்விழப்பீட்டினின்று திருப்பித் தருதல் அவர்க்குக் கடன். மரத்தின் மதிப்பிலோ பங்கினர் கை நீட்டுதல் கூடாது. ஏழெட்டு ஆண்டு நீர்சுமந்து வளர்த்தவர் அவரல்லர். அவர் வாங்கியது ஒரு பருவம். இவ்வளவையும் தையிலே, பூப்பார்க்கும் நாளிலே, இருவரும் பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்வாராக.